சுற்றுப்பாதைப் பந்தயத்தில் சக்கரம் உரசி விழுந்தால்: முன்னும் பின்னும் கவனிக்க வேண்டியவை

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: உள்ளூரில் நடந்த சுற்றுப்பாதை சைக்கிள் பந்தயமொன்றில், முடிவதற்குச் சில சுற்றுகளே இருந்த நிலையில், முன்னால் சென்றவர் திடீரென்று இடப்புறம் விலகியதால் அவருடைய பின்சக்கரத்தின் பக்கவாட்டில் உங்கள் முன்சக்கரம் உரசி, நீங்கள் வலப்புறமாகச் சாய்ந்து விழுந்தீர்கள், பின்னால் வந்த ஒருவரும் உங்கள் மேல் மோதி விழுந்தார், எழுந்து, கழன்ற சங்கிலியை மாட்டிக்கொண்டு, கடைசி ஆளாகப் பந்தயத்தை முடித்தீர்கள். நான்கு நாட்கள் கழிந்த இப்போது, தவறு யாருடையது, விழும் நொடியில் வேறு என்ன செய்திருக்கலாம், வண்டியை அப்படியே ஓட்டலாமா, அடுத்த மாதப் பந்தயத்துக்குப் போகலாமா, கூட்டத்தில் ஓட்ட வந்துவிட்ட பயம் போகுமா என்று கேட்கிறீர்கள். இறுதியில், போகிற போக்கில், வலக்கைக் கட்டைவிரலுக்குக் கீழே இன்னும் வலிக்கிறது, ஆனால் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றும், அன்று மாலை லேசான தலைவலி இருந்தது என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். நான் அந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

கையை ஊன்றி விழுபவர்களுக்கு மணிக்கட்டுச் சிற்றெலும்புகளில் அதிகம் முறிவது ஸ்காஃபாய்டு என்னும் எலும்பு. கட்டைவிரலை நன்றாக விரித்து உயர்த்தினால் அதன் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில், இரண்டு தசைநாண்களுக்கு இடையே ஒரு சிறு குழி தெரியும். அந்தக் குழியை மறுகை விரலால் அழுத்தும்போது சுருக்கென்று வலித்தால், முதல் எக்ஸ்ரே என்ன காட்டினாலும், எலும்பு முறிந்திருக்கலாம் என்றே மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள். முதல் சில நாட்களில் எடுக்கும் எக்ஸ்ரேயில் இந்த முறிவு தெரியாமல் போவது அடிக்கடி நடப்பதுதான். அதனால் கையை அசையாதபடி கட்டிவைத்து, 10 முதல் 14 நாட்கள் கழித்து மறுபடி படம் எடுப்பார்கள், அல்லது அதற்கு முன்பே எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிடுவார்கள். இவ்வளவு எச்சரிக்கை எதற்கென்றால், இந்த எலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரல்களின் பக்கத்திலிருந்து நுழைந்து முழங்கையை நோக்கித் திரும்பி ஓடுகிறது. நடுவில் முறிந்தால் முழங்கைப் பக்கத்துத் துண்டுக்கு இரத்தம் நின்றுபோய், அது ஒட்டாமலே இருந்துவிடலாம், சில வேளை உயிரிழந்தும் போகலாம். வெறும் சுளுக்கு என்று எண்ணிப் பல மாதங்கள் ஓட்டிவிட்டு, பிறகு மணிக்கட்டை மடக்க முடியாமல் மருத்துவரிடம் போனவர்கள் எங்கள் ஓட்டுநர் வட்டத்திலேயே உண்டு. நான் மருத்துவன் அல்லன். அமெச்சூர் ஓட்டுநர்களைப் பயிற்றுவிப்பவன், பந்தயங்களில் நடுவராக நிற்பவன். ஆகவே நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: இந்த வாரத்துக்குள் எலும்பு மருத்துவர் ஒருவரிடம் போய், வேகமாகச் சென்ற சைக்கிளிலிருந்து கை ஊன்றி விழுந்ததைச் சொல்லி, வலிக்கும் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். அதுவரை ஹேண்டில்பாரில் அந்தக் கையை ஊன்ற வேண்டாம். வீட்டுக்குள் நிலைநிறுத்தி ஓட்டும் டிரெய்னரிலும் வேண்டாம்.

தலைவலியைப் பற்றி. சைக்கிள் பந்தயத்துக்கு மற்ற விளையாட்டுகளில் இல்லாத ஒரு சங்கடம் உண்டு. கால்பந்தில் தலையில் அடிபட்டவரை வெளியே அழைத்து உட்காரவைத்துப் பரிசோதிக்கலாம், ஆட்டம் காத்திருக்கும் அல்லது மாற்று ஆள் இறங்குவார். பந்தயக் கூட்டமோ யாருக்காகவும் நிற்பதில்லை. நொடிக்குப் பத்து மீட்டருக்கு மேல் அது விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. அந்த அவசரத்தில் விழுந்தவர் செய்யும் முதல் காரியம் எழுந்து வண்டியைத் தேடுவது. உடம்பில் அட்ரினலின் பொங்கி நிற்கும் அந்த நேரத்தில் தமக்கு ஒன்றுமில்லை என்று அவர் சொல்லும் சொல்லுக்கு மதிப்பே இல்லை. அடிபட்டிருப்பது மூளை என்றால், தீர்ப்புச் சொல்வதும் அதே மூளைதான் அல்லவா? பந்தயங்களில் நான் விழுந்தவரிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதில்லை. இது எத்தனையாவது சுற்று, இதற்கு முன் யார் முன்னணியில் இருந்தார், எங்கிருந்து இங்கே வந்தீர்கள் என்று கேட்பேன். பதில் தடுமாறினாலோ, ஒரே கேள்வியை அவர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டாலோ, அவருடைய பந்தயம் அங்கேயே முடிந்தது. அவர் எவ்வளவு கோபப்பட்டாலும் வண்டியைத் திருப்பித் தருவதில்லை.

உங்களுக்கு நினைவு தப்பவில்லை, வாந்தி இல்லை, தலைவலியும் மறுநாளே நீங்கிவிட்டது என்று எழுதியிருப்பதால் பெரிய ஆபத்து கடந்திருக்கும் என்று நம்பலாம். ஆனாலும் நினைவிழப்பு இல்லை என்பதால் மூளையதிர்ச்சி இல்லை என்று ஆகிவிடாது. மூளையதிர்ச்சி அடைந்தவர்களில் பெரும்பாலோர் நினைவிழப்பதே இல்லை. வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தல், வழக்கத்துக்கு மாறான எரிச்சல், தூக்கக் கோளாறு, ஒரு பத்தியைப் படித்து முடிப்பதற்குள் மனம் சிதறுதல் ஆகிய எதுவும் இந்த நான்கு நாட்களில் இருந்ததா என்று உங்களோடு வசிப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். இனிமேலும் தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, கை கால் மரத்தாலோ, கழுத்தில் வலித்தாலோ, வலிப்பு வந்தாலோ, அடுத்த நாள் காலைக்குக் காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். இன்று மருத்துவ உலகம் ஏற்றிருக்கும் முறைப்படி, மூளையதிர்ச்சிக்குப் பின் 24 முதல் 48 மணிநேரம் வரை அளவான ஓய்வு, பிறகு நடை, லேசான உடற்பயிற்சி என்று படிப்படியாக ஏறுதல், அறிகுறிகள் முற்றிலும் நீங்கிய பின்னரே மறுபடி விழக்கூடிய சூழலுக்குள் நுழைதல் என்பதே ஒழுங்கு. சர்வதேச சைக்கிள் ஓட்ட ஒன்றியம் 2021 முதல் நடைமுறைப்படுத்திய நெறிமுறை, அறிகுறிகள் நீங்கிய பின்னும் குறைந்தது ஒரு வாரம் பந்தயத்தில் இறங்கக் கூடாது என்கிறது.

சிராய்ப்பைப் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்பட்டிருக்கிறீர்கள்; உண்மையில் இந்த விபத்தில் மிக எளிதாக ஆறப்போவது அதுதான். சாலைத் துகள்கள் தோலுக்குள் தங்கினால் தொற்று வரலாம், ஆறிய பிறகும் பச்சை குத்தியதுபோலக் கருமை நிலைத்துவிடும். ஆகவே முதல் நாளிலேயே ஓடும் நீரில், மென்மையான சோப்பால், வலித்தாலும் பொறுத்துக்கொண்டு முழுமையாகக் கழுவிவிட வேண்டும். உள்ளே இன்னும் கரும்புள்ளிகள் தெரிந்தால் செவிலியரிடம் காட்டி எடுத்துவிடுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடைத் திரும்பத் திரும்ப ஊற்றுவது புதிதாக முளைக்கும் தோலையும் சேர்த்துக் கருக்கும். காற்றாட விட்டுப் பொருக்குத் தட்ட வைப்பது பழைய பழக்கம். பெட்ரோலியம் ஜெல்லி தடவி, ஒட்டாத கட்டுத்துணியால் ஈரப்பதம் காத்து மூடிவைத்தால் விரைவாகவும் தழும்பு குறைந்தும் ஆறும். கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தால், மண் கலந்த காயம் என்பதால் மருத்துவரிடம் அதையும் கேளுங்கள். இடுப்பில் கன்றிப்போயிருப்பது நாளுக்கு நாள் குறைய வேண்டும். காலை ஊன்றினால் தொடையிடுக்கில் வலி கூடுகிறது என்றால், நடக்க முடிகிறதே என்று இருந்துவிட வேண்டாம், தொடையெலும்பின் கழுத்தில் விரிசல் விட்டவர்களும் சில நாட்கள் நடந்திருக்கிறார்கள்.

இனி விபத்துக்கு வருவோம். விழும் நொடியில் வேறு என்ன செய்திருக்கலாம் என்ற கேள்விக்கு என் பதில், ஏறக்குறைய எதுவுமில்லை என்பதே. அதைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் பயத்தின் வேரும் இங்கேதான் இருக்கிறது.

சைக்கிள் நிமிர்ந்து ஓடுவது, அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் முன்சக்கரம் திரும்பி, சாயும் எடைக்கு அடியில் போய் நிற்பதால்தான். நாம் அறியாமலே ஒவ்வொரு நொடியும் இந்தத் திருத்தத்தைச் செய்துகொண்டிருக்கிறோம். உங்கள் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்துக்கு இடப்பக்கம் அரைச் சக்கர அளவுக்கு முன்னேறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் இடப்புறம் நகர்ந்ததும் உங்கள் சக்கரத்தின் வலப்பக்கத்தை அவருடைய டயர் தொடுகிறது. உடனே உங்கள் உடல் இயல்பாகச் செய்ய விரும்புவது இடப்புறம் திருப்பி விலகுவது. ஆனால் ஓடும் வண்டியில் ஹேண்டில்பாரை இடப்புறம் திருப்பினால் சக்கரங்கள் இடப்புறம் போக, உடல் வலப்புறம் சாயும், அதாவது எதை விட்டு விலக நினைத்தீர்களோ அதன் மேலேயே. இடப்புறம் உண்மையாகவே விலகிப் போக வேண்டுமானால் முதலில் கணநேரம் வலப்புறம் திருப்பி, உடலை இடப்புறம் சாய்த்துக்கொள்ள வேண்டும். அந்த வலப்புறத் திருப்பத்துக்குத்தான் அவருடைய சக்கரம் இடம் தராமல் மறித்துக்கொண்டு நிற்கிறது. வலப்புறம் சாயத் தொடங்கிவிட்டீர்கள், முன்சக்கரம் வலப்புறம் வந்து தாங்க முடியவில்லை, விழுகிறீர்கள். சக்கரம் உரசி விழுபவர்கள் பெரும்பாலும் உரசிய பக்கமே விழுவதும், முன்னவர் ஒரு சிறு ஆட்டத்தோடு தப்பித்துப் போய்விடுவதும் இதனால்தான்; அவருடைய திருப்பும் சக்கரத்தை யாரும் தொடவில்லை.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. உருளும் சக்கரத்தின் பின்விளிம்பு மேல்நோக்கியும் முன்விளிம்பு கீழ்நோக்கியும் ஓடுகிறது. அவருடைய பின்விளிம்பும் உங்கள் முன்விளிம்பும் சந்திக்கும் இடத்தில் இரண்டு ரப்பர்கள் எதிரெதிர்த் திசையில் தேய்கின்றன. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அந்த உரசலின் வேகம் 80 கிலோமீட்டரை நெருங்கும். அந்தச் சரேல் என்ற ஓசையைக் கேட்டவர்களுக்கு அது மறப்பதில்லை, அருகில் ஓட்டுபவர்கள்கூட அந்த ஓசை கேட்டதும் கூசித் தோளை உயர்த்துவார்கள்.

நேரக் கணக்கையும் பாருங்கள். 40 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்குச் சுமார் 11 மீட்டர். ஒன்றைக் கண்டு கை பிரேக்கை இழுக்கும்வரை கால் நொடி ஆகிறது என்று வைத்தாலும் அதற்குள் ஏறக்குறைய 3 மீட்டர் கடந்துவிடுகிறீர்கள். கூட்டத்தில் நாம் முன்னவருக்கு விடும் இடைவெளியோ அரை மீட்டர். அந்த இடைவெளியில் ஓட்டுவது அசட்டுத்தனம் என்று சொல்லவரவில்லை. முன்னவரின் காற்று மறைவில் ஓடுவதால் உழைப்பு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மிச்சமாகிறது, அதை விட்டுக்கொடுத்தால் பந்தயத்தில் தங்கவே முடியாது. நான் சொல்ல வருவது, கூட்டத்தில் உங்களைக் காப்பது உங்கள் அனிச்சைச் செயலின் வேகம் அன்று என்பதே. எல்லோரும் ஒரே வேகத்தில், ஒரே கோட்டில் போவதும், நீங்கள் முன்னவரின் டயரைப் பார்க்காமல் அவருடைய தோளுக்கு மேலாக மூன்று நான்கு பேர் தாண்டிப் பார்த்து, முன்னால் வேகம் குறையும் அலை உங்களை அடையும் முன்பே கால் அழுத்தத்தைத் தளர்த்திக்கொள்வதும்தான் காப்பு. நீங்கள் எழுதியதில் எனக்குப் பட்ட முக்கியமான செய்தி சக்கரம் உரசியது அன்று. அதற்கு முந்தைய வளைவில் வெளியேறும்போது கூட்டம் சுருங்கியது, நீங்கள் பிரேக் பிடிக்க மனமின்றி இடப்பக்க இடைவெளியில் சக்கரத்தை நுழைத்தீர்கள் என்ற வரி. விபத்து அங்கே தீர்மானமாகிவிட்டது. உரசல் வந்தது சில நொடிகள் கழித்து.

இதிலிருந்து தவறு யாருடையது என்ற கேள்விக்கும் பதில் கிடைக்கிறது. ஓட்டுநர்களிடையே நிலவும் வழக்கம், உன் முன்சக்கரத்துக்கு நீயே பொறுப்பு என்பது. முன்னவருக்குப் பின்னால் கண் இல்லை. அவருடைய பின்சக்கரத்தோடு உங்கள் முன்சக்கரம் ஒட்டி முன்னேறி நிற்பது அவருக்குத் தெரியாது. மறுபுறம், தம் கோட்டைக் காரணமின்றி மாற்றாதிருப்பது முன்னவரின் கடமை. இறுதி ஸ்பிரிண்டில், அதாவது முடிவுக்கோட்டை நோக்கிய முழுவேக ஓட்டத்தில், தொடங்கிய பாதையை விட்டு விலகி மற்றவர்களுக்கு இடையூறு செய்வதை விதிகள் வெளிப்படையாகவே தடுக்கின்றன, தண்டனையும் உண்டு. உங்கள் விபத்து ஸ்பிரிண்டில் நடக்கவில்லை, அவர் விலகியதும் சாலையிலிருந்த ஒட்டுப்போட்ட பள்ளத்தைத் தவிர்க்க என்று நீங்களே சொல்கிறீர்கள். நடுவராக நான் அங்கே நின்றிருந்தால் இருவர் மேலும் புகார் எழுதியிருக்க மாட்டேன். ஆனால் பயிற்சியாளனாக, பொறுப்பில் பெரும்பங்கு பின்னால் இருந்தவருடையது என்றே உங்களிடம் சொல்வேன். அது உங்களுக்கு நல்ல செய்தியும்கூட, ஏனெனில் மற்றவர் செய்வதை நீங்கள் மாற்ற முடியாது. சக்கரத்தை எங்கே வைப்பது என்பதை மாற்ற முடியும்.

எழுந்து ஓடி முடித்ததைப் பற்றிப் பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். பல சுற்றுப்பாதைப் பந்தயங்களில் விழுந்தவர் அல்லது வண்டி பழுதானவர் ஒரு சுற்று நின்று, நடுவரின் அனுமதியோடு கூட்டம் திரும்ப வரும்போது சேர்ந்துகொள்ளலாம். கடைசிச் சில சுற்றுகளுக்கு அந்தச் சலுகை இருக்காது. உங்களுக்கு அது கிடைக்காததால் தனியே ஓட்டினீர்கள். உடையாத வண்டி என்று தெரியாமலே அதில் ஏறி ஓட்டினீர்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. மூன்று வாரம் நீளும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், 2013இல், கெரெய்ன்ட் தாமஸ் முதல் நாளிலேயே விழுந்து இடுப்பெலும்பில் முறிவோடு பாரிஸ் வரை ஓட்டி முடித்தார். 2024 ஏப்ரலில் ஸ்பெயினின் பாஸ்க் நாட்டுப் பந்தயத்தில் விழுந்து காறை எலும்பும் விலா எலும்புகளும் முறிந்து நுரையீரலும் சுருங்கிய யோனஸ் விங்கெகார், அந்த ஜூலையிலேயே டூரில் இரண்டாவதாக வந்தார். இந்தக் கதைகள் ஓட்டுநர்களின் நாவில் எப்போதும் இருக்கும். ஆனால் அவர்களைச் சுற்றி மருத்துவர் குழுவும், உடனடி ஸ்கேனும், மாற்று வண்டியோடு பின்தொடரும் காரும் இருக்கின்றன. உங்களுக்கு இருந்தது, சாலையோரத்தில் நின்று கைதட்டிய நண்பர் ஒருவர்.

விழும்போது கையை ஊன்றியிருக்கக் கூடாதோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். கை தானாகவே நீளும். ஜூடோவில் விழப் பழகியவர்களைத் தவிர மற்றவர்களால் அதை அடக்க முடிவதில்லை. ஹேண்டில்பாரை விடாமல் பிடித்து, தாடையை நெஞ்சோடு சேர்த்து, தோளின் பின்பக்கமாக உருண்டால் நல்லது என்பார்கள்; நல்லதுதான், ஆனால் காறை எலும்பு முறிவு சைக்கிள் ஓட்டுநர்களுக்கு இவ்வளவு சகஜமாக இருப்பதற்கு அந்தத் தோள் வழியே வரும் அடியும் ஒரு காரணம். ஓரளவு ஆறுதலான ஒரு கணக்கு உண்டு. 40 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்தாலும் தரையில் நேர்க்குத்தாக மோதும் வேகம் விழும் உயரத்தைப் பொறுத்ததே. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் அது மணிக்கு 16 கிலோமீட்டர் அளவுதான். மீதி வேகம் தரையில் சறுக்கித் தீர்கிறது. எலும்பை உடைப்பது பெரும்பாலும் அந்த நேர்க்குத்து அடி, தோலை உரிப்பது அந்தச் சறுக்கல். எதிரே மின்கம்பமோ தடுப்புச் சுவரோ இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அதனால்தான் பந்தயப் பாதையை ஒழுங்குசெய்பவர்கள் வளைவின் வெளிப்பக்கத்தில் வைக்கோல் கட்டோ மெத்தையோ வைப்பதில் கறாராக இருக்க வேண்டும் என்று நான் ஒவ்வொரு முறையும் வாதாடுகிறேன்.

ஹெல்மெட்டைச் சோதிப்பதும் ஏறக்குறைய இதே கணக்கில்தான். ஐரோப்பிய இ.என். 1078 தரப்படி, தலை வடிவத்தில் மாட்டிய ஹெல்மெட்டைச் சமதளத்தில் நொடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில் மோதவிடுகிறார்கள், அது 1.5 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம், கிட்டத்தட்ட ஓட்டுநரின் தலை இருக்கும் உயரம். உள்ளே இருக்கும் நுரைப்பொருள் நசுங்கித்தான் அந்த அடியை வாங்குகிறது. ஒருமுறை நசுங்கியது திரும்ப உப்பாது. வெளி ஓட்டில் ஒரு கீறல்தான் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உள்ளே எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. பட்டைகளை வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள். வெட்டாமல் போட்டால் வேறு யாராவது எடுத்து அணிந்துகொள்வார்கள். 2003 மார்ச்சில் பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் ஹெல்மெட் இல்லாமல் விழுந்த ஆந்திரே கிவிலெவ் இறந்த பிறகுதான் தொழில்முறைப் பந்தயங்களில் ஹெல்மெட் கட்டாயமானது என்பதை, இதைச் செலவாக நினைப்பவர்களுக்கு நினைவூட்டுவது என் வழக்கம்.

வண்டியை மறுபடி ஓட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை பல, அவற்றில் முதலாவது கியரைப் பற்றியது. நீங்கள் வலப்பக்கம் விழுந்திருக்கிறீர்கள். சங்கிலியும், அதைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றும் பின் டெரெய்லரும் அந்தப் பக்கம்தான். டெரெய்லரைச் சட்டகத்தோடு இணைக்கும் சிறிய அலுமினியத் துண்டு, சட்டகம் உடையாமலிருக்கத் தான் வளைந்துகொள்வதற்கென்றே மென்மையாகச் செய்யப்பட்டது. அது உள்நோக்கி வளைந்திருந்தால், ஏற்றத்தில் மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றும்போது டெரெய்லர் ஆரக்கம்பிகளுக்குள் நுழைந்துவிடும்; பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். வண்டியைப் பின்னாலிருந்து பாருங்கள்: டெரெய்லரின் இரண்டு சிறு பற்சக்கரங்களும் பின்பல்சக்கரத்துக்கு நேர்க்கீழே செங்குத்தாகத் தொங்க வேண்டும். தொங்கவில்லை என்றால் பட்டறையில் அளந்து நிமிர்த்தவோ மாற்றவோ செய்யுங்கள்.

அடுத்தது ஹேண்டில்பார், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பிரேக் லீவர் உள்பக்கம் திரும்பியிருந்தது, கையால் நேராக்கினேன் என்கிறீர்கள். அப்படித் திரும்பும் அளவுக்கு அடி பட்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். கார்பன் ஹேண்டில்பார் என்றால் சுற்றுப்பட்டையை முழுவதும் அவிழ்த்துவிடுங்கள், லீவரின் பிடிவளையத்தையும் தளர்த்தி நகர்த்துங்கள். அந்த வளையம் இருந்த இடத்தில் குறுக்காக ஒரு மயிரிழைக் கோடு, அல்லது பூச்சு சற்றே வெளிறிய தடம், அல்லது நகத்தால் அழுத்தினால் இலேசாகக் குழையும் ஓர் இடம் தென்படுகிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சென்ற பருவத்தில் எங்கள் இளம் ஓட்டுநர் ஒருவரின் வண்டியில் பட்டையை அவிழ்த்தபோது, வெளியே எதுவும் தெரியாத ஹேண்டில்பாரில் வலப்பக்க வளைவின் உட்புறம் பாதிச் சுற்றுக்கு விரிசல் ஓடியிருந்தது. அதில் அவர் இரண்டு வாரம் பயிற்சி செய்திருந்தார். அலுமினியம் வளைந்து எச்சரிக்கும், கார்பன் அப்படி எச்சரிக்காமல் உடைந்துவிடும். நாணயத்தால் தட்டி ஓசை கேட்பது சட்டகத்தின் பெரிய குழாய்களுக்கு ஓரளவு உதவும், ஹேண்டில்பாருக்கும், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்கும் அதை நம்ப வேண்டாம். முன் ஃபோர்க்கைக் கழற்றி, தண்டுப் பகுதியில் தலைக்குழாய் பேரிங் உட்காரும் இடத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இவ்விரண்டில் எதில் சந்தேகம் வந்தாலும் மாற்றிவிடுவதே சரி; ஓடும்போது இவை உடைந்தால் வண்டியை நிறுத்துவதற்கு எந்த வழியும் இல்லை. சக்கரம் நேராகச் சுற்றுகிறதா, பிரேக் டிஸ்க் வளைந்து உரசுகிறதா, டயரின் பக்கச்சுவரில் வெட்டு உண்டா, சீட்டின் கீழ்க்கம்பி வளைந்ததா என்பவை கண்ணுக்கே தெரியும்.

அடுத்த மாதப் பந்தயம் மணிக்கட்டைப் பொறுத்தது, அதை மருத்துவர் சொல்லட்டும். ஸ்காஃபாய்டு முறிந்திருந்தால் இந்தப் பருவமே முடிந்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். ஆறு வாரம் முதல் மூன்று மாதம்வரைகூட ஆகலாம். முறியவில்லை என்றால் என் அளவுகோல் இரண்டு: இரண்டு பிரேக்குகளையும் அந்தக் கையின் வலி தெரியாமல் முழுவலுவோடு இழுக்க முடிய வேண்டும், எழுந்து நின்று மிதிக்கும்போது உடல் எடையை அந்தக் கை தாங்க வேண்டும். வேகமும் மூச்சும் திரும்பியிருப்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை. நெருக்கத்தில் பிரேக் பிடிக்க முடியாதவர் தமக்கு மட்டும் ஆபத்து அல்லர்.

பயத்தைப் பொறுத்தவரை, அதை மனவுறுதியால் அடக்கப் பார்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. பயந்தவர் ஹேண்டில்பாரை இறுகப் பிடிக்கிறார், முழங்கைகள் விறைக்கின்றன. விறைத்த கைகள் வழியே சிறு அதிர்வும் தோளிலிருந்து முன்சக்கரத்துக்கு நேராகப் போய் வண்டியை ஆட்டுகிறது. போதாக்குறைக்குப் பயந்தவர் கூட்டத்தின் கடைசிக்கு ஒதுங்குகிறார். கடைசியில் இருப்பது பாதுகாப்பு என்று தோன்றும், உண்மை நேர்மாறானது: வளைவில் முன்னணியினர் சற்றே வேகம் குறைத்தால் கடைசியில் இருப்பவர் கடுமையாகப் பிரேக் பிடித்து, பிறகு துரத்த வேண்டியிருக்கும், முன்னால் நடக்கும் ஒவ்வொரு விபத்தும் அவர் பாதையில்தான் கிடக்கும். முதல் மூன்றில் ஒரு பகுதிக்குள் இருப்பவருக்கு வேலை அதிகம், ஆபத்து குறைவு.

ஆகவே உடலுக்குப் பழக்கம் கொடுங்கள். நான் செய்விப்பது புல்வெளியில் நடக்கும் பயிற்சி. நம்பிக்கையான ஒருவரோடு, பழைய டயர்கள் மாட்டிய வண்டிகளில், நடைவேகத்தைவிடச் சற்றே கூடுதலாகப் போய், உங்கள் முன்சக்கரத்தை அவருடைய பின்சக்கரத்தின் பக்கவாட்டில் வேண்டுமென்றே தொடவையுங்கள். விலகி ஓடாமல், தொட்ட பக்கத்தை நோக்கியே ஹேண்டில்பாரை மென்மையாக அழுத்தி, மிதிப்பதைத் தளர்த்தி, உரசல் தானே பின்வாங்கும்வரை நேரே பார்த்துக்கொண்டிருங்கள். முதலில் சில முறை புல்லில் விழுவீர்கள், சிரிப்பீர்கள். பிறகு தோளோடு தோள், முழங்கையோடு முழங்கை இடித்துக்கொண்டு ஓட்டுங்கள். இந்தப் பயிற்சி பந்தய வேகத்தில் உரசும்போது உங்களைக் காப்பாற்றிவிடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். லேசான உரசல்களில் காப்பாற்றும். அதைவிட, தொட்டால் விழுவோம் என்று உடம்பில் பதிந்துவிட்ட முடிவை அது கலைக்கிறது. அதன் பிறகு தெரிந்த நாலைந்து பேரோடு வரிசையாக ஓட்டி, பின்னர் பெரிய குழுவில் ஓட்டி, அதற்கும் பிறகே எண் ஒட்டிக்கொண்டு தொடக்கக்கோட்டுக்குப் போங்கள். அந்த முதல் பந்தயத்தில் கடைசிச் சுற்றுக்கு முன்பே விலகிக்கொள்வதென்று தொடங்குமுன்பே முடிவுசெய்துவிட்டுப் போனால் மனம் இலகுவாக இருக்கும். மாதக்கணக்கில் கூட்டத்தை நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது, விழுந்த காட்சி தூக்கத்தில் திரும்புகிறது என்றால் அது புல்வெளியில் தீரும் விஷயம் அன்று, மனநல ஆலோசகரிடம் போவதில் கூச்சம் வேண்டாம்.

உங்கள் மேல் விழுந்தவரைப் பற்றி எழுதவே தயங்கியிருக்கிறீர்கள். பந்தயத்தில் பதிவுசெய்யும்போது கையெழுத்திட்ட படிவத்தில் பெரும்பாலும் அவரவர் வண்டிச் சேதம் அவரவரைச் சேர்ந்தது என்றுதான் இருக்கும். எதற்கும் ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள். பணத்தைப் பற்றிய பேச்சு தேவைப்படாது. ஒழுங்கமைப்பாளரிடம் சொல்லி அவரைத் தொடர்புகொண்டு, எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். அவரும் கையை ஊன்றி விழுந்திருந்தால் கட்டைவிரலுக்குக் கீழே உள்ள அந்தக் குழியை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், அவருடைய ஹேண்டில்பார் பட்டையையும் அவிழ்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.